ஒரு 'ஓ' செய்த வேலை



காலாண்டு மார்க் கூட்டுவதற்கு சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். (நமக்குப் பாடம் சி++. சி நானாகப் படித்தது. 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய மொழி.) 40 பேர், ஆளுக்கு 6 பாடம். முதல் இரண்டு பேருக்குச் சரியாக வந்தது. மூன்றாவது ஆளுக்குத் தமிழில் 80. அவசரத்தில் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டிட்டேன். அவ்வளவுதான், அடுத்த மார்க்கைக் கேட்காமலே கடகடன்னு ஓடி முடிஞ்சுது. மீதி 38 பேருக்கும் 600-க்கு 48! "ஏல, என்னையும் பெயிலாக்கிட்டியா?" என்று பக்கத்தில் இருந்தவன் கத்தினான். சார் பார்த்துவிட்டு, "ஏன்னு கண்டுபிடிச்சு சுவர் இதழ்ல எழுது" என்றார்.

காரணம் இதுதான். ஸ்கேன்எஃப் என்ற கட்டளை எண் இருக்கும் வரைதான் படிக்கும். 8-ஐ எடுத்துக்கொண்டது. 'ஓ' உள்ளேயே நின்றுவிட்டது. தென்காசி பஸ்ஸில் படிக்கட்டில் ஒருத்தர் மூட்டையோடு நின்றால் பின்னால் யாரும் ஏற முடியாதே, அது மாதிரி. அடுத்த ஸ்கேன்எஃப் அந்த 'ஓ'வில் முட்டி ஒன்றும் படிக்காமல் திரும்பும். மார்க் என்ற மாறியில் பழைய 8 அப்படியே இருக்கும். அதையே கூட்டிக்கிட்டே போயிருக்கு. 6 எட்டு 48.

ஸ்கேன்எஃப் எத்தனை எண் படித்தது என்று நமக்குச் சொல்லும். 1 வந்தால் படித்தது, 0 வந்தால் இல்லை. நான் அதைப் பார்க்கவே இல்லை. ஆனால் அதை மட்டும் பார்த்தாலும் போதாது. '8ஓ'வுக்கும் முதலில் 1 என்றுதான் சொல்லும்! அதனால் இப்போது எஃப்கெட்ஸ் வைத்து முழு வரியையும் வாங்குகிறேன். பிறகு ஸ்டர்டோல் வைத்து எண்ணாக்குகிறேன். எந்த இடத்தில் நின்றது என்று அது காட்டும். எண்ணே இல்லாவிட்டாலோ, எண்ணுக்குப் பின் வரி முடியாமல் வேறு எழுத்து இருந்தாலோ, "மறுபடி அடிக்கவும்". 0-க்குக் கீழே, 100-க்கு மேலே போனாலும் அதேதான்.

இது சின்ன விஷயம் இல்லை. 1997 செப்டம்பரில் அமெரிக்காவின் யார்க்டவுன் போர்க்கப்பலில் ஒருவர் கம்ப்யூட்டரில் ஓர் இடத்தில் 0 கொடுத்தார். அதால் வகுக்கப் போய் கணினிகள் படுத்துவிட, இரண்டு மணி நேரத்துக்கு மேல் கப்பல் கடலில் நகரவில்லை. அங்கே கொடுத்தது சரியான எண்தான், அந்த இடத்துக்குத்தான் ஆகாது.

80-ஐ 88 என்று அடித்தால் என் புரோகிராம் இன்னும் பிடிக்காது. அதற்கு ஒருத்தர் வாசிக்க, இன்னொருத்தர் விடைத்தாளோடு சரிபார்க்கிறோம்.