கல்லில் கற்கும் கதைக்கலை

களம், மாந்தர், முரண், பின்னல் ஆகிய நான்கும் கதையின் அடிப்படை உறுப்புகள் எனப்படும். இவற்றைக் கண்ணால் கண்டு கற்க விரும்புவோருக்குச் செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்தில் பல்லவச் சிற்பிகள் விட்டுச்சென்ற பாறைகளே நல்ல பாடநூலாகும்.

நிகழ்ச்சி நடைபெறும் இடமும் சூழலும் களமாகும். அர்ச்சுனன் தபசு எனப்படும் பெருஞ்சிற்பத்தில், பாறையின் இயற்கைப் பிளவையே சிற்பி ஆறாக்கி, அதில் நாகர்களை நீந்தவிட்டு, கரையில் யானைகளை நிறுத்தியிருப்பதால், களமே கதையை இயக்குகிறது. மேலே எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தித் தவமியற்றும் முனிவர் இருக்க, கீழே ஒரு பூனையும் முன்னங்கால்களைத் தூக்கித் தவக்கோலம் பூண்டு நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள் நம்பிக்கையோடு திரிகின்றன. மெய்த்தவமும் பொய்த்தவமும் அருகருகே நிற்கும்போது இரு மாந்தரின் இயல்பும் விளக்கமின்றியே துலங்குகிறது.

எதிரெதிர் வலிமைகள் மோதுவது முரண். மகிடாசுரமர்த்தினி குகையில், எட்டுக் கரங்களுடன் சிங்கத்தின்மேல் அமர்ந்த தேவி வில்லை வளைத்து முன்னேற, எருமைத்தலை கொண்ட மகிடன் கதாயுதத்தை இரு கைகளாலும் பற்றியபடியே பின்னோக்கிச் சாய்கிறான். வீழ்ந்த அசுரனின் தலைமேல் தேவி நிற்கும் கோலமே பல கோயில்களில் காணப்பட, இச்சிற்பி வெற்றிக்கு முந்திய நொடியைத் தேர்ந்து, முடிவை அந்த உடற்சாய்வாலேயே உணர்த்திவிடுகிறார்.

நிகழ்ச்சிகளைக் காரண காரியத் தொடர்பால் இணைப்பது பின்னல். இதற்கு மட்டும் கல்லைவிட்டு நாவலுக்குச் செல்வோம். மாமல்லன் எனப்பட்ட பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் 642ஆம் ஆண்டளவில் வாதாபியை வென்றான் என்பது வரலாற்றுச் செய்தி. அந்நகர் எரிவதைக் கண்ட பின்னரே அதை விட்டு வெளியேறுவதாக ஆடலரசி ஒருத்தி சூளுரைத்தாள் என்று ‘சிவகாமியின் சபதம்’ நாவலில் கல்கி அமைத்தபோது, அதே படையெடுப்புக்கு மனித மனத்திலிருந்து ஒரு காரணம் கிடைத்தது, செய்தி கதையாயிற்று.

கதை எழுத முனையும் இளையோர் மகிடாசுரமர்த்தினி குகையில் சிறிது நேரம் நின்று, சிற்பி எதைச் செதுக்கினார் என்பதோடு எதைச் செதுக்காமல் விட்டார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கதைக்கலையின் முதற்பாடம் அத்தேர்வில்தான் இருக்கிறது.