உங்களுக்குத் தெரியுமா? மாதாமாதம் வந்து போகும் அந்த ஒன்றரை கிலோ!

டயட்டில் இருக்கிறீர்கள். மூன்று வாரமாக இனிப்பைத் தொடவில்லை. ராத்திரிக்கு இரண்டே சப்பாத்தி. காலையில் வெயிட் மெஷின்மேல் ஏறினால், போன வாரத்தைவிட ஒன்றரை கிலோ கூடுதல்! அழுகையே வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். காலண்டரைப் பாருங்கள். பீரியட்ஸ் தேதி நெருங்குகிறதா? அப்படியென்றால் இந்தப் பக்கம் உங்களுக்காகத்தான்!

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் அவ்வளவு கலோரியும் வயிற்றுக்குள் போக வேண்டும். இட்லிக் கணக்கில் சொல்லட்டுமா? ஒரு இட்லிக்கு 55 கலோரி என்று வைத்தால், 140 இட்லி! சாப்பிட்டீர்களா? இல்லையே!

பின்னே ஏறியது என்ன? தண்ணீர்! ஒரு லிட்டர் தண்ணீர் உடம்பில் தங்கினால் மெஷினில் ஒரு கிலோ ஏறும். மெஷினுக்குக் கொழுப்பும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான்!

பீரியட்ஸ் வருவதற்கு முந்தின சில நாட்களில் கால் மெட்டி இறுகுகிறதா? வளையல் மணிக்கட்டைத் தாண்ட மறுக்கிறதா? ரவிக்கையின் மேல் கொக்கி மட்டும் அடம் பிடிக்கிறதா? அத்தனையும் அந்தத் தண்ணீரின் வேலை!

இது எவ்வளவு ஏறும்? 2023-ல் வெளியான ஓர் ஆய்வில் 42 பெண்களின் எடையை மாதவிலக்குச் சுழற்சி நெடுகப் பார்த்தார்கள். மாதவிலக்கு நாட்களில் சராசரியாகக் கூடியது 450 கிராம். கொழுப்பு ஏறியதா? இல்லை! செல்களுக்கு வெளியே தேங்கிய தண்ணீர்தான் காரணம்! சராசரிதான் 450 கிராம். சிலருக்கு ஊசிமுனை அளவுகூட அசையாது. சிலருக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு கிலோ! அம்மாவுக்கு ஒரு மாதிரி, மகளுக்கு வேறு மாதிரி.

உப்புசம் எந்த நாளில் உச்சத்துக்குப் போகும்? ‘பீரியட்ஸுக்கு முன்னால்’ என்றுதானே சொல்வீர்கள்? தப்பு! கனடாவில் 62 பெண்கள் ஒரு வருஷம் தினமும் டைரி எழுதினார்கள். மொத்தம் 765 சுழற்சிகள்! 2011-ல் முடிவு வெளியானது. அவர்கள் குறித்த நீர் உப்புசம் உச்சம் தொட்டது உதிரப்போக்கின் முதல் நாளில்! அன்றைக்குப் போய் மெஷின்மேல் ஏறலாமா?

இப்போது நான் கண்ணால் பார்த்த ஒரு காலண்டரைக் காட்டுகிறேன். என் அண்ணி வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுத்தது. பால் கணக்கு எழுதும் கட்டத்துக்குள்ளேயே பென்சிலில் எடையும் இருக்கும். சிவப்புப் பேனா வட்டம் போட்டிருந்தால் அது பீரியட்ஸ் முதல் நாள். மார்ச்சில் வட்டத்துக்கு முந்தின நாள் 66.8. வட்டத்திலிருந்து ஏழாம் நாள் 65.2. பிறகு மூன்று வாரம் வாயைக் கட்டியும், ஏப்ரல் வட்டத்துக்கு முந்தின நாள் 65.7! ‘மூணு வாரம் பட்டினி கிடந்து அரைக் கிலோ ஏறியிருக்கேன்’ என்று அண்ணி டயட்டையே விட்டுவிடப் பார்த்தார். நான் விரலை வைத்துக் காட்டினேன். முந்தின நாளை முந்தின நாளோடு ஒப்பிட்டுப் பாருங்க அண்ணி! 66.8 எங்கே, 65.7 எங்கே? குறைந்தது 1.1 கிலோ!

இதுதான் இந்தப் பக்கத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கண்டுபிடிப்பு. போன வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். போன மாதம் இதே நாளோடு ஒப்பிடுங்கள்! ஏழாம் நாளுக்கு ஏழாம் நாள். இருபதாம் நாளுக்கு இருபதாம் நாள். காலண்டர் தேதியை வைத்து எண்ணக் கூடாது, பீரியட்ஸ் வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்!

தினம் 550 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ கொழுப்பு கரையும். மாதக் கடைசியில் ஒன்றரை கிலோ தண்ணீர் வந்து உட்கார்ந்தால்? மூன்று வார உழைப்பு மெஷினில் அப்படியே மறைந்துபோகும்! கொழுப்பு கரைந்தது கரைந்ததுதான். ஐந்தாறு நாளில் தண்ணீர் இறங்கும்போது, ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்த மாதிரி காட்டும்!

‘உதிரம் போவதால்தானே எடை இறங்குகிறது?’ என்று கேட்பவர்கள் நிறைய. ஒரு மாதவிலக்கில் வெளியேறும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லி! ஒரு சின்ன டவரா காபிகூடக் கிடையாது! 80 மில்லியைத் தாண்டினாலே அதிக உதிரப்போக்கு என்கிறது மருத்துவம்.

உப்பு செய்யும் மாயத்தைக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டில் தெரியும் அல்லவா? ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. நம் ரத்தத்தின் உப்புச் செறிவும் கிட்டத்தட்ட அதேதான். கூடுதலாக உப்பு உள்ளே போனால், அந்தச் செறிவைக் காப்பாற்ற உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதாவது 9 கிராம் உப்பு தங்கினால் ஒரு லிட்டர் தண்ணீர்! ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுழற்சியின் பின்பாதியில் சோடியத்தைப் பிடித்து வைக்கும் அல்டோஸ்டிரோன் ஹார்மோன் வேறு உயர்ந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சேர்ந்தால் மெஷின் எங்கே போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்!

மாவுச்சத்தும் தண்ணீர் மூட்டைதான்! கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் கிளைக்கோஜன் சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும். கூட்டிப் பாருங்கள், 2 கிலோ! டயட்டின் முதல் வாரம் மளமளவென்று எடை இறங்குவதும், ஒரு கல்யாணப் பந்தி முடிந்த மறுநாள் சட்டென்று ஏறுவதும் இதனால்தான்.

மலச்சிக்கலுக்கும் இதில் பங்கு உண்டு! கருமுட்டை வெளிவந்த பிறகு உயரும் புரோஜெஸ்டிரோன் குடலின் தசைகளைத் தளர்த்திவிடும். வயிறு மந்தமாகும். பீரியட்ஸ் வந்ததும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கர்ப்பப்பையை முறுக்கும்போது பக்கத்து வீட்டுக் குடலையும் முறுக்கிவிடும். அதுவரை அடைத்துக் கிடந்தது அன்றைக்கு இரண்டு மூன்று முறை போகும்!

அதே புரோஜெஸ்டிரோன் உடம்பின் வெப்பத்தை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி வைக்கும். மாதத்தில் பாதி நாள் நீங்கள் கொஞ்சம் கூடுதல் சூட்டில் ஓடும் வண்டி!

கொழுப்பு சதவீதம் காட்டும் மெஷின் வைத்திருக்கிறீர்களா? அது கொழுப்பைப் பார்ப்பதே இல்லை! உள்ளங்கால் வழியாக மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, தடை எவ்வளவு என்று பார்த்து, கணக்குப் போட்டுச் சொல்கிறது. உடம்பில் தண்ணீர் கூடினால் மின்சாரம் சுலபமாகப் பாயும். அதனால் எடை ஏறிய அதே காலையில் கொழுப்பு சதவீதம் குறைந்ததாகக் காட்டலாம்!

100 கிராம். அதாவது ஒரு சின்ன சோப்புக் கட்டியின் எடை. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்தின் ஒலிம்பிக் பதக்கத்தைப் பறித்தது அதுதான்! பாரிஸ், 2024 ஆகஸ்ட் 7. முந்தின நாள் மூன்று மல்யுத்தங்களில் வென்று இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டார். 50 கிலோ பிரிவு. ராத்திரி முழுக்க வியர்க்க வியர்க்க உழைத்தும், தலைமுடியை வெட்டியும், காலையில் 100 கிராம் கூடுதல். தகுதி நீக்கம்! பிறகு விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அங்கே அவர் தரப்பு வைத்த வாதங்களில் ஒன்று என்ன தெரியுமா? மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் உடம்பில் தண்ணீர் தங்கும் என்பது! தீர்ப்பாயம் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் உலகத்தின் அத்தனை பெண்களுக்கும் தெரிந்த ஒரு விஷயம் ஒலிம்பிக் வழக்கின் ஆவணத்தில் ஏறிவிட்டது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

அதே பாரிஸில் பளுதூக்கும் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் 199 கிலோ தூக்கி நான்காவது இடம். ஒரே ஒரு கிலோவில் வெண்கலம் போனது! அன்றைக்குத் தனக்கு மாதவிலக்கின் மூன்றாம் நாள், உடம்பு சோர்ந்திருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். சபாஷ் மீராபாய்!

அடுத்த பீரியட்ஸ் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் கருமுட்டை வெளிவரும் நாள் கிடைக்கும் என்று கண்டுபிடித்தவர் ஜப்பான் டாக்டர் க்யூசாகு ஓகினோ. வருஷம் 1924! 12 முதல் 16 நாட்களுக்கு முன்னால் என்றார். டயட் காலண்டரில் உப்புசம் எப்போது தொடங்கும் என்று ஊகிக்க இந்த நூறு வயசுக் கணக்கு இன்றைக்கும் கைகொடுக்கும்!

இத்தாலியின் சாண்டோரியோ என்ற மருத்துவர் ஒரு பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து சாப்பிட்டு, சாப்பிட்டதையும் கழித்ததையும் நிறுத்து வந்தார். எத்தனை காலம்? ஏறக்குறைய 30 வருஷம்! 1614-ல் புத்தகமே போட்டார். நீங்கள் ஒரே ஒரு மாதம் குறித்துப் பார்க்கக் கூடாதா?

மாதவிலக்குக்கு முந்தின அவஸ்தைக்கு ஆங்கிலத்தில் பி.எம்.எஸ். என்று பெயர் வைத்த இரண்டு டாக்டர்களில் ஒருவர் எவரெஸ்ட் ஏறப் போனவர்! ரேமண்ட் கிரீன். 1933 எவரெஸ்ட் பயணக் குழுவின் டாக்டர். நாவலாசிரியர் கிரகாம் கிரீனின் அண்ணன்! இன்னொருவர் காதரீனா டால்டன். கர்ப்பமாக இருந்த மாதங்களில் தன் ஒற்றைத் தலைவலி காணாமல் போனதைக் கவனித்து இந்தப் பக்கம் வந்தவர். இருவரின் கட்டுரை வெளியான வருஷம் 1953. டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டதும் அதே 1953!

கால்சியம் இந்த உப்புசத்தோடு மல்லுக்கட்டும்! 1998-ல் அமெரிக்காவில் 466 பெண்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு சாராருக்குத் தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம், இன்னொரு சாராருக்கு வெறும் போலி மாத்திரை. மூன்றாவது சுழற்சியில் கால்சியம் எடுத்தவர்களுக்கு அவஸ்தை 48 சதவீதம் குறைந்தது. போலி மாத்திரைக்கே 30 சதவீதம் குறைந்தது என்பது தனி அதிசயம்! மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். நம் வீட்டுக் கேழ்வரகு 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறதே, அதற்கு யார் தடை? கூழோ களியோ அடையோ, உங்கள் இஷ்டம்!

தண்ணீர் கூடிவிட்டது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறீர்களா? வேண்டவே வேண்டாம்! தாகத்தில் விட்டால் உடம்பு இருப்பதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நீர் பிரியும் மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கி விழுங்குவது அதைவிட ஆபத்து!

கடைசியாக ஒன்று. மெஷின் ஏறிவிட்டதே என்ற பயத்தில் சாப்பாட்டை இன்னும் வெட்டுகிறீர்களா? 2003-ல் வெளியான ஒரு சோதனை. உடற்பயிற்சிக்குச் செலவானதைக் கழித்த பிறகு, கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 30 கலோரிக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். கருமுட்டையை வெளியே வரச் சொல்லும் ஹார்மோனின் துடிப்பே தடுமாறியது! கொழுப்பு நீங்கலான எடை 40 கிலோ இருப்பவருக்குக் கணக்குப் போட்டால் 1,200 கலோரி. அதைச் சாப்பிட்டுவிட்டு 300 கலோரிக்கு நடந்தும் வந்தால் மிச்சம் 900 தான்! பீரியட்ஸ் மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லையா? மெஷினை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். அந்தச் சோதனையில் ஹார்மோன் தடுமாற எத்தனை நாள் ஆனது தெரியுமா? வெறும் 5 நாள்!