சொந்தக் கையால் கட்டும் கார்: பின்சக்கரத்தைத் தாங்கும் கைகள்

கார் வாங்குவதற்குப் பணம் இருந்தால் போதும், இல்லாவிட்டால் கடன் இருந்தாலும் போதும். ஆனால், வீட்டுக் கொட்டகையில் இரும்புக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்து, தாமே ஒரு காரைக் கட்டிச் சாலையில் ஓட்ட முடியுமா? பிரிட்டனில் பலர் அதைச் செய்து வருகின்றனர்.

காலின் சாப்மன் 1957-இல் அறிமுகப்படுத்திய லோட்டஸ் செவன் கார், பாகங்களாக விற்கப்பட்டது. வாங்கியவர்கள் வீட்டிலேயே அதைப் பூட்டிக்கொண்டனர். 1996-இல் ரான் சாம்பியன் எழுதிய ஒரு நூல், அதே பாணிக் காரைச் சொற்பச் செலவில் கட்டும் வழியைக் காட்டியது. 'லோகாஸ்ட்' எனப்படும் அந்தக் காரில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சுத்தண்டில் இருந்தன. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் சாயும். அதனால் பின்னர் பலர், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்புக்கு மாறினர். இந்த அமைப்புக்குத்தான் விஷ்போன் தேவைப்படுகிறது.

விஷ்போன் என்பது என்ன?

கோழியின் நெஞ்சில் கவட்டை போன்ற ஓர் எலும்பு உண்டு. அதே வடிவில் இரும்புக் குழாயால் செய்த கைதான் விஷ்போன். கவட்டையின் இரு கால்கள் காரின் சட்டத்தில் கீல்போல் பொருத்தப்படுகின்றன. அவை சேரும் முனை சக்கரத்தைத் தாங்குகிறது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கைகள்.

தொழிற்சாலையில் எல்லாம் அச்சு அளவில் வரும். வீட்டில் அப்படியல்ல. பற்றவைக்கும் சூட்டில் குழாய் ஓரிரு மில்லிமீட்டர் இழுத்துக்கொள்ளும். அது பெரிய விஷயமா?

கணக்குப் பார்ப்போம். மேல்கையும் கீழ்கையும் சக்கரத்தைப் பிடிக்கும் இடங்களுக்கு இடையே 250 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். மேல்கை 1 மில்லிமீட்டர் நீண்டாலே சக்கரத்தின் சாய்வு ஏறத்தாழ 0.23 பாகை மாறிவிடும். 4 மில்லிமீட்டர் பிசகினால் கிட்டத்தட்ட 1 பாகை. டயர் ஒரு பக்கமாகத் தேய இதுவே போதும்.

இதைவிட ஆபத்தானது சக்கரம் திரும்பி நிற்கும் திசை. பின்சக்கரங்களின் முன்பக்கம் வெளிநோக்கி விலகியிருந்தால், வளைவில் காரின் வால் வழுக்கப் பார்க்கும். மழைச் சாலையில் அது உயிருக்கே உலை வைக்கும்.

திருகினால் தீர்ந்துவிடுமா?

இந்தப் பிசகைச் சரிசெய்யத்தான் கைகளின் முனையில் மரையுள்ள மூட்டுகள் வைக்கப்படுகின்றன. ஒரு முனையில் கண், அதற்குள் சுழலும் உருண்டை, மறுமுனையில் மரைத்தண்டு. தண்டைத் திருகினால் கை நீளும் அல்லது குறுகும். ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் நகரும் மரையில், கண் மீண்டும் போல்ட்டுக்கு நேராக வர அரைச்சுற்றாவது திருக வேண்டும். ஆகவே மிகச் சிறிய மாற்றம் 0.75 மில்லிமீட்டர்.

மேல்கையின் இரு கால்களையும் ஒரே அளவில் திருகினால் சாய்வு மாறும். கீழ்கை சக்கரத்தை இரு புள்ளிகளில் பிடித்திருந்தால், அதன் பின்காலை மட்டும் நீட்டும்போது சக்கரத்தின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பும்.

ஆனால், எல்லா மூட்டையும் திருகும்படி செய்துவிட்டால் நல்லது என்று நினைப்பது தவறு. மரைத்தண்டு இழுப்பையும் அழுத்தத்தையும் தாங்கும், வளைப்பைத் தாங்காது. மரையின் பள்ளத்தில் தொடங்கும் விரிசல் மெல்ல வளர்ந்து, ஒருநாள் முன்னறிவிப்பின்றி முறியும்.

ஆகவே மரைமூட்டைச் சக்கரத்தின் பக்கம் வைக்காமல், சட்டத்தின் பக்கம் வைப்பது நல்லது. தண்டு, காலின் குழாயோடு நேர்கோட்டில் இருக்க வேண்டும். சுருள்வில் எங்கே அமர்கிறது என்பதும் முக்கியம். அது கீழ்கையின் நடுவில் அமர்ந்தால், சக்கரம் சுமக்கும் அதே பளு உள்மூட்டுகளையும் மேலும் கீழுமாக வளைக்கும். வில்லைச் சக்கரத்தை ஒட்டி நகர்த்தினால் அந்தப் பளு வெகுவாகக் குறையும்.

மறக்கக்கூடாதவை இன்னும் சில. 12 மில்லிமீட்டர் தண்டானால் குறைந்தது 18 மில்லிமீட்டராவது குழாய்க்குள் இறங்கியிருக்க வேண்டும். பூட்டுநட்டை இறுக்கி, அதன்மேல் சாயக்கோடு போட்டுவைத்தால் தளர்வது கண்ணுக்குத் தெரியும். போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் பிடிக்காமல், இருபுறமும் தகடு பிடிக்க வேண்டும். கண்ணைவிட அகலமான வாஷர் ஒன்று இருந்தால், உருண்டை கழன்றாலும் கை முழுதாகப் பிரிந்து போகாது.

பிரிட்டனில் இத்தகைய கார்கள் தனிவாகனச் சோதனையில் தேறிய பிறகே சாலைக்கு வர முடியும். சோதனை ஒரு நாளில் முடிந்துவிடும். காரோ ஆண்டுக்கணக்கில் ஓடும், பக்கத்து இருக்கையில் பிள்ளையும் அமர்ந்திருக்கும்.

திருகும் வசதி, ஓரிரு மில்லிமீட்டர் பிசகைத் தீர்ப்பதற்காகத்தான். அதற்குமேல் திருகவேண்டி வந்தால், பிழை மூட்டில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. அப்போது ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அளவுகோலை எடுப்பதுதான் அறிவுடைமை.