மோட்டார் வாசிக்கும் கச்சேரி

மனித விரல்களால் வாசிக்கவே முடியாத இசையை எழுதிவிட்டால் என்ன செய்வது? கான்லன் நான்காரோவுக்கு வந்த சிக்கல் அதுதான். 1912இல் அமெரிக்காவின் அர்க்கன்சாஸில் பிறந்தவர் அவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிசப் படைக்கு எதிராகச் சண்டையிட்டுவிட்டு ஊர் திரும்பியவரை, இடதுசாரி என்று சொந்த நாடே சந்தேகக் கண்ணோடு பார்த்தது. 1940இல் மெக்சிகோ சிட்டிக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

அங்கே அவருக்குக் கைகொடுத்தது தானாக வாசிக்கும் பியானோ. அதற்குள் ஒரு காகிதச் சுருள் ஓடும். துளை வரும் இடத்தில் காற்று புகுந்து, அதற்குரிய கட்டையை இயக்கும். இரண்டு மூன்று காலப்பிரமாணங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஒரே நேரத்தில் ஓடும் இசையை நான்காரோ துளை துளையாகக் கையாலேயே குத்தி வைத்தார். சில நிமிட இசைக்கு மாதக்கணக்கில் உழைப்பு.

அந்தச் சுருள்கள் நைந்துபோவதற்குள் அவற்றைக் கணினிக்கு ஏற்றியவர், சியாட்டிலில் வாழும் ஜெர்மானியக் கலைஞர் டிரிம்பின். துளைகளைப் படிக்கும் கருவியையும் அவரே செய்தார். இளமையில் பித்தளை ஊதுகருவிகள் வாசித்தவர்; உலோகம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போகவே அதைக் கைவிட்டு, வாத்தியங்களைத் தாமாகவே ஒலிக்க வைக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தார். சியாட்டிலில் உள்ள பாப் கலாசார அருங்காட்சியகத்தில் அவர் எழுப்பிய கோபுரத்தில் 500க்கும் மேற்பட்ட வாத்தியங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் கிட்டார்கள்.

இப்படித் தாமாகவே ஒலிக்கும் வாத்தியங்களும் ரோபோக்கள்தான். ரோபோ என்றதும் கண், மூக்கு வைத்த பொம்மையை நினைக்க வேண்டாம். இவற்றின் உயிர்நாடி சொலினாய்டு என்கிற கம்பிச் சுருள். மின்சாரம் பாய்ந்ததும் சுருள் காந்தமாகி, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை வெடுக்கென்று இழுக்கும். தண்டோடு இணைந்த குச்சி தோலையோ தந்தியையோ தட்டும். எப்போது தட்டுவது, எவ்வளவு பலமாகத் தட்டுவது என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும். ஒலி மட்டும் நிஜமான தோலிலிருந்தும் மரத்திலிருந்தும் வரும். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் லோகோஸ் அமைப்பு இப்படிப்பட்ட கருவிகளைக் கொண்டு ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவையே உருவாக்கியது.

நம் ஊர்க் கோயில்களில் தீபாராதனையின்போது மோட்டாரில் அதிரும் மேளமும் மணியும் இந்த வகைதான். அவற்றுக்குத் தெரிந்தது ஒரே தாளம். மேளக்காரர் பிழைப்பில் கை வைத்துவிட்டன என்ற வருத்தமும் அவற்றின்மேல் உண்டு, நியாயமான வருத்தம்.

வித்வானை அப்படியே நகல் எடுக்கும் ரோபோ சீக்கிரம் அலுத்துப்போகும். மனிதரால் முடியாததைச் செய்தால்தான் சுவாரஸ்யம். ஜப்பானின் இசட்-மெஷின்ஸ் குழுவில் கிட்டார் ரோபோவுக்கு 78 விரல்கள், டிரம்ஸ் ரோபோவுக்கு 22 கைகள். அந்தக் குழுவுக்காகவே பிரிட்டிஷ் இசைக்கலைஞர் ஸ்குவேர்புஷர் 2014இல் ஓர் இசைத் தொகுப்பை எழுதினார். அஜய் கபூர் உருவாக்கிய மகாதேவிபாட் என்ற ரோபோ, இந்தியத் தாள வாத்தியங்களை 12 கைகளால் வாசிக்கும். கூட வாசிக்கும் மனிதருக்குத் தலையை ஆட்டித் தாளமும் காட்டும். சபா முன்வரிசையில் தலையாட்டுகிற ரசிகர்களுக்கு இது பிடித்துப்போகலாம்.

போலந்துப் பொறியாளர் பாவெல் சத்ரோஸ்னியாக் வாத்தியத்தையே கைவிட்டார். 2022இல் அவர் அரங்கேற்றிய ஃபிளாப்போட்ரானில் 512 பழைய ஃபிளாப்பி டிரைவ்கள், 16 ஹார்டு டிஸ்க்குகள், 4 ஸ்கேனர்கள். மோட்டாரின் வேகத்தை மாற்றினால் சுருதி மாறும். குப்பைக்குப் போக வேண்டிய சாமான்கள் சேர்ந்து சினிமாப் பாட்டு வாசிக்கின்றன.

வீட்டில் முயன்று பார்க்க விரும்புவோருக்கு ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, சிறிய சொலினாய்டு, ஓர் எவர்சில்வர் தட்டு ஆகியவை முக்கியமாகத் தேவை. பாகங்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: சொலினாய்டைப் பலகையில் நேரடியாக மாட்டினால் பலகை கெட்டுப்போகும். இடையில் ஒரு டிரான்சிஸ்டரும் டயோடும் வைத்து, சொலினாய்டுக்குத் தனி மின்சாரம் கொடுங்கள்.