வீட்டுக்குள் ஒரு கணினி வலை



லக்ஷபான நீர்த்தேக்கத்தின் நீர் இறங்கிவந்து மின்சாரமாக மாறும் ஊர் பொல்பிட்டிய. அங்குள்ள மின்நிலையம் 1969ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. ஆனால் நாட்டுக்கே வெளிச்சம் தரும் இத்தகைய மலையூர்களில், இணையச் சமிக்ஞை மட்டும் மலைக்குப் பின்னே ஒளிந்துகொள்கிறது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நம் பிள்ளைகள் பாடத்துக்காகத் தொலைபேசியோடு மேட்டில் ஏறி நின்றதை மறக்க முடியுமா?

இதற்கு ஒரு வழி உண்டு. வீட்டில் சமிக்ஞை நன்றாகக் கிடைக்கும் இடம் எது? பெரும்பாலும் மாடி ஜன்னலோரம்தான். சிம் அட்டை போடும் ரௌட்டரை அங்கே வையுங்கள். பிள்ளை படிக்கும் மேசைக்கு அங்கிருந்து கம்பி இழுங்கள். பழைய கல்சுவர்கள் வைஃபை அலையைத் தடுக்கும். கம்பிக்கு அந்தத் தடை இல்லை.

தேவையானவை சிலவே: ஒரு ரௌட்டர், கணினிகள் அதிகமென்றால் ஐந்து துளையுள்ள ஒரு ஸ்விட்ச், இரு முனையிலும் பிளக் பொருத்திய ‘கேட் 5ஈ’ அல்லது ‘கேட் 6’ கம்பி. ஓர் இணைப்பின் நீளம் 100 மீற்றரைத் தாண்டக்கூடாது. முதலில் நூல் பிடித்துத் தூரத்தை அளந்து, சற்றுக் கூடுதலாகவே வாங்குங்கள். மின்கம்பி போகும் அதே குழாயில் இதை நுழைக்காதீர்கள். ஒரு சாண் தள்ளியே கொண்டுபோங்கள். கதவிடுக்கில் நசுங்கவும் விடாதீர்கள். பிளக்கைச் செருகியதும் சிறு விளக்கு எரிந்தால் இணைப்பு சரி. முகவரி எண்களை ரௌட்டரே கணினிகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிடும்.

தையல் இயந்திரத்தில் நூல் கோக்கத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலையா என்ன?

இன்னொரு நன்மையும் இருக்கிறது. வெளி இணையம் அறுந்தாலும் வீட்டுக்குள் இந்த வலை வேலை செய்யும். ராத்தா ஒருமுறை இறக்கிவைத்த பாடத்தைத் தம்பி தன் கணினியில் திறந்து படிக்கலாம். ஒரே அச்சு இயந்திரம் எல்லோருக்கும் போதும். டேட்டாப் பணமும் மிச்சம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். அதுதான் இடி மின்னல். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை அதிகம். செப்புக் கம்பி மின்னலின் வேகத்தை ஒரு கருவியிலிருந்து மற்றதற்குக் கடத்திவிடும். ஆகவே வானம் இருளும்போதே மின்பிளக்கையும் வலைக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு அவற்றைத் தொடாதீர்கள். பக்கத்து வீட்டுக்கு வெட்டவெளியில் செப்புக் கம்பி இழுப்பதும் ஆபத்து. அதற்கு உலோகம் கலவாத ஃபைபர் கம்பியே ஏற்றது.

ரௌட்டரோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். எந்தக் கம்பி எந்த அறைக்கு என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். நாளை ஏதாவது பழுதானால், வெளியாளுக்காகக் காத்திராமல் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.