கதவை அடைத்துக்கொண்ட தாய்

"காக்கையும் குருவியும் வீட்டு வாசலிலேயே இருக்கின்றனவே! பறவை பார்க்க 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குப் போக வேண்டுமா?" என்று கேட்டுச் சிரித்தார் என் நண்பர் ஒருவர். அவரையும் கையோடு அழைத்துப் போயிருந்தால், இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே இருந்திராது.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு அணையைத் தாண்டி மலையேறினால், சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது வால்பாறை. எங்கு பார்த்தாலும் தேயிலை. 1890-களில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் வந்து மரங்களைச் சாய்க்கத் தொடங்குவதற்கு முன்பு இந்த மலை முழுவதும் மழைக்காடு. இன்று பச்சைக் கடலின் நடுவே தீவுகளைப் போலத் துண்டு துண்டாகக் காடுகள் நிற்கின்றன. அப்படிப்பட்ட ஒரு துண்டுக் காட்டின் ஓரத்தில்தான், ஏப்ரல் மாதத்தில் ஒரு நாளைக் கழித்தேன். எந்த இடம் என்று மட்டும் கேட்காதீர்கள். காரணம் பின்னால் விளங்கும்.

சீட்டியடிக்கும் சிறுவன்

எனக்குத் துணையாக வந்தவர் காடர் இனத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். காலில் செருப்பு இல்லை. அட்டைக்குப் பயந்து நான் காலுறைக்குள் கால்சட்டையைத் திணித்துக்கொண்டதைப் பார்த்து அவருக்கு ஒரே சிரிப்பு.

இருட்டு விலகுமுன்பே ஓடைப் பக்கத்திலிருந்து சீட்டியொலி கேட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பையன் பாட்டை மறந்துவிட்டு மனம் போனபடி சீட்டியடிப்பானே, அதே மாதிரி! "பையன் இல்லை சார், சீகாரப்பூங்குருவி" என்றார் பெரியவர். சற்று வெளிச்சம் வந்ததும் கிளைகளின் ஊடே குங்குமப் பூச்சிட்டுகள் நெருப்புப் பொறிகளாகப் பறந்தன. வாலில் இரண்டு துடுப்புகளைக் கட்டிக்கொண்டாற்போல் ஒரு கரிச்சான், மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் பேசிக் காட்டிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் இருக்கட்டும். அந்த வெடிப்பலா மரத்தைப் பாருங்கள்" என்றார் பெரியவர். சுமார் 60 அடி உயரத்தில் ஒரு பொந்து. அதன் வாய் மண்சுவர் போலப் பூசப்பட்டிருந்தது. நடுவில் ஒரு சிறு இடுக்கு. அதில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. அது ஓர் அலகின் நுனி!

விரும்பி ஏற்ற சிறைவாசம்

உள்ளே இருந்தது இருவாச்சி. மலைமொங்கான் என்றும் இதைச் சொல்வார்கள். கேரளத்தின் மாநிலப் பறவை இதுதான். அலகின்மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்தாற்போல் மஞ்சள் கொண்டை. சிறகை விரித்தால் சுமார் ஐந்தடி.

முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையே சாந்தாகக் குழைத்து வாயிலை அடைத்துவிடுகிறது. உள்ளே இருக்கும்போது இறக்கைகளையும் உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. மூன்று நான்கு மாத காலம் ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டுவதுதான் தாய்க்கும் குஞ்சுக்கும் ஆகாரம். ஆணுக்கு ஓர் ஆபத்து நேர்ந்தால்? நினைக்கவே பயமாயிருக்கிறது.

காலை ஏழு மணிக்கு ஆண் வந்து ஊட்டிவிட்டுப் போயிற்று என்றார் பெரியவர். நான் தேநீர்க் குடுவையுடன் போராடிக்கொண்டிருந்ததில் அதைத் தவறவிட்டேன். "இரண்டு மணி நேரத்தில் மறுபடி வரும்."

ஒன்பது மணி ஆயிற்று. பத்து ஆயிற்று. பதினொன்றும் ஆயிற்று. இடுக்கிலிருந்து அலகு நீண்டது, உள்ளே போயிற்று, மறுபடி நீண்டது. மத்தியானம் கட்டுச்சோற்றைப் பிரித்தேன். பெரியவர் கை வைக்கவில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுமார் ஒன்றே முக்காலுக்கு, தூரத்தில் நீராவி ரயில் வருவது போல் 'உஸ்ஸ், உஸ்ஸ்' என்று ஓசை எழுந்தது. இறகுகளின் ஊடே காற்றுப் புகுந்து எழுப்பும் சத்தம் அது. பெரியவர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். ஆண் பறவை பொந்தின் விளிம்பைப் பற்றி அமர்ந்து, தொண்டையிலிருந்து அத்திப் பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொணர்ந்து இடுக்கின் வழியே நீட்டிற்று. எண்ணினேன். மொத்தம் 27 பழங்கள்!

"ஏன் இவ்வளவு தாமதம், பெரியவரே?"

"பக்கத்தில் ஓர் அத்தி மரம் இருந்தது சார். போன வருஷம் காற்றில் விழுந்துவிட்டது. இப்போது தேயிலையைத் தாண்டி அந்தக் காட்டுக்குப் போய் வரவேண்டியிருக்கிறது."

ஒரு மரம் விழுந்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைகிறது, அவ்வளவுதான் விஷயம். இருவாச்சி நுழையக்கூடிய பொந்து இளமரத்தில் கிடையாது. தலைமுறைகள் பல கண்ட கிழ மரம்தான் வேண்டும். அதனால்தான் ஆண்டுதோறும் அதே பொந்துக்குத் திரும்பி வருகிறது. 2018-ல் உலகப் பாதுகாப்பு அமைப்பு இதை அழிவாபத்துள்ள இனங்களின் வரிசையில் சேர்த்தது.

அன்று ஆப்பு, இன்று காவல்

சாயங்காலம் பெரியவர் தாமாகவே ஒன்று சொன்னார். "எங்கள் அப்பா மூங்கில் ஆப்பு அடித்து இப்படிப்பட்ட மரத்தில் ஏறிக் குஞ்சு எடுத்திருக்கிறார். நானும் தின்றிருக்கிறேன். பசி சார். இப்போது இந்த மரத்துக்குக் காவல் நான்தான்."

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வாழச்சால் காடுகளிலும் காடர்கள் பலர் இருவாச்சிக் கூடுகளைக் காக்கும் வேலையில் இருக்கிறார்கள். வால்பாறையிலோ 20 ஆண்டுகளுக்கு மேலாக, சிதைந்த துண்டுக் காடுகளில் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டு வருகிறார்கள். இருவாச்சியும் சும்மா இருப்பதில்லை. தின்ற பழங்களின் விதைகளைத் தொலைவில் கொண்டுபோய்ப் போடுகிறது. பேரன் குடியிருக்கப் பாட்டன் மரம் நடுகிற கதைதான்!

ஊருக்குத் திரும்பியதும் நண்பர் கேட்டார்: "எத்தனை பறவை பார்த்தீர்?"

"ஒன்றரை" என்றேன். ஆண் பறவை முழுதாக ஒன்று. தாயின் அலகு நுனி அரை. மீதியை அந்தப் பெரியவர் காவல் காத்துக்கொண்டிருக்கிறார்.