நினைவுகளுக்கு ஒரு பிரதி போதாது

2016ஆம் ஆண்டு என் தந்தையாருக்குச் சதாபிஷேகம் நடைபெற்றது. ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் உற்றார் உறவினர் சிங்கப்பூருக்குத் திரண்டு வந்திருந்தனர். நான்கு தலைமுறையினர் ஒரே மண்டபத்தில் கூடியது எங்கள் குடும்பத்தில் அதுவே முதல் முறை. அதுவே கடைசி முறையாகவும் அமைந்துவிட்டது.

அன்று என் மருமகன் எடுத்த படங்கள் ஏறத்தாழ 600. அவற்றையெல்லாம் என் கணினியில் சேர்த்து வைத்தேன். சில மாதங்களில் கணினியில் இடம் போதாமற்போகவே, கடைகளில் ‘எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்’ என்று விற்கப்படும் வெளி வன்தட்டு ஒன்றை வாங்கி, படங்களை அதற்கு மாற்றினேன். மாற்றிய கையோடு கணினியில் இருந்தவற்றை அழித்தேன். மருமகனும் கேமராவின் அட்டையை வேறு படங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார். “எல்லாம் பத்திரமாக இருக்கிறது” என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லி வந்தேன்.

2019ஆம் ஆண்டில் தந்தையார் இறைவனடி சேர்ந்தார். பதினாறாம் நாள் கிரியைக்கு வைப்பதற்காக, அவர் மாலை அணிந்து சிரித்த முகத்தோடு அமர்ந்திருந்த படத்தைத் தேடி, வன்தட்டைக் கணினியில் பொருத்தினேன். ‘டிக், டிக்’ என்ற ஓசை மட்டும் கேட்டது. திரையில் எதுவும் தோன்றவில்லை. பதற்றத்தில் பத்து முறையாவது கழற்றிக் கழற்றி மாட்டியிருப்பேன்.

பழுது பார்க்கும் கடையிலிருந்த இளைஞர் அந்த ஓசையைக் கேட்டதும் மின்னிணைப்பைத் துண்டித்தார். “அங்கிள், வேற காப்பி இருக்கா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வன்தட்டு என்பது என்ன? அதனுள்ளே காந்தப்பூச்சுப் பூசப்பட்ட வட்டத் தகடுகள் சுழல்கின்றன. கையடக்க வன்தட்டுகள் பலவற்றில் நிமிடத்திற்கு 5,400 சுற்றுகள். தகட்டைத் தொடாமல், அதற்குச் சில நானோமீட்டர் உயரத்தில் ஒரு சிறு முனை மிதந்தபடி எழுதுகிறது, படிக்கிறது. அந்த இடைவெளி நம் தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஓடிக்கொண்டிருக்கும்போது வன்தட்டு கீழே விழுந்தாலோ பலமாக அதிர்ந்தாலோ முனை தகட்டில் உரசிவிடும். உரசிய இடத்தில் இருந்த படம் போனது போனதுதான். ‘டிக், டிக்’ என்ற ஓசை, முனை தன் வழியைக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறுவதன் அறிகுறி. அப்போது மீண்டும் மீண்டும் மின்சாரம் கொடுத்தால் சேதம் பெருகும். நான் செய்தது அதைத்தான்.

1956ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல அகலமுள்ள 50 தகடுகள் இருந்தன. அதன் எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவோ 5 மெகாபைட்டுக்கும் குறைவு, அதாவது இன்றைய கைத்தொலைபேசிப் படம் ஒன்றுக்கே சரியாகிவிடும். இன்று சட்டைப்பையில் அடங்கும் ஒரு டெராபைட் வன்தட்டில், படமொன்று 5 மெகாபைட் என்று கொண்டால், 2 இலட்சம் படங்களை வைக்கலாம். வசதி பெரிது; ஆனால் ஒரே நொடியில் இழக்கக்கூடியதும் அதே அளவு பெரிது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

என் முதல் தவறு எது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. நான் படங்களை இடம் மாற்றினேன்; பிரதி எடுக்கவில்லை. கணினியில் இருந்தபோதும் ஒரே பிரதிதான். வன்தட்டுக்குப் போன பிறகும் ஒரே பிரதிதான். பெட்டி மட்டுமே மாறியது.

எங்களைக் காப்பாற்றியவர் கிள்ளானில் வசிக்கும் அத்தை. துக்கத்திற்கு வந்திருந்தவர் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, “ஏன் தம்பி, நீதானே எனக்குச் சின்னதா ஒரு தம்ப் டிரைவ் அனுப்பி வச்சே? அலமாரியிலதான் இருக்கு” என்றார். அவர் கேட்டாரென்று 2016ல் 42 படங்களை அனுப்பியிருந்தேன். அதை அடியோடு மறந்துபோயிருந்தேன். அவற்றுள் தந்தையாரின் அந்தப் படமும் இருந்தது. மற்றவற்றை மீட்க வன்தட்டை வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்த்தோம். தகடு கீறிவிட்டது, ஒன்றும் இயலாது என்று கூறிவிட்டனர்.

இதைப் போன்றதொரு நிகழ்ச்சி உலகப் புகழ்பெற்ற பிக்சார் நிறுவனத்திலும் நடந்திருக்கிறது. 1998ஆம் ஆண்டு ‘டாய் ஸ்டோரி 2’ படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளையால் அதன் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் பிரதியை எடுக்கப் போனால், அது சரிவர வேலை செய்யவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கைக்குழந்தையுடன் இருந்ததால் வீட்டிலிருந்தபடி பணிபுரிந்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதியே அப்படத்தைக் காத்தது. நம் முன்னோர் வழியும் இதுவேயன்றோ? உ. வே. சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, அதன் ஏடுகள் பல ஊர்களில் பல வீடுகளில் இருந்ததனால்தான்.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இதனை ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்ற எளிய விதியாகப் பரவச் செய்தார். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். இவ்விதியை ஒட்டி எங்கள் வீட்டில் இப்போது பின்பற்றும் முறையைச் சொல்கிறேன்.

முதலில், எல்லாருடைய கைத்தொலைபேசியிலும் கேமராவிலும் உள்ள படங்களைக் கணினியில் சேர்க்கிறோம். வாட்ஸ்அப் வழியாக வாங்கினால் வழக்கமாகப் படத்தின் தரம் குறைந்துவிடும் என்பதால், கேபிள் மூலம் மூலப்படத்தையே எடுக்கிறோம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓர் உறை. அதன் பெயர் ஆண்டு, மாதம், நாள், நிகழ்ச்சி என்ற வரிசையில் அமையும். அப்படி வைத்தால் உறைகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

பிறகு இரண்டு வன்தட்டுகள். இரண்டையும் வெவ்வேறு சமயங்களில் வாங்கினோம். ஒரே நேரத்தில் தயாரானவை ஒரே குறையோடு இருக்கக்கூடும் அல்லவா? விண்டோஸ் கணினியிலும் மேக் கணினியிலும் வேலை செய்வதற்காக, புதிதாக வாங்கியவுடனேயே ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் அவற்றை அமைத்துக்கொண்டோம். படங்கள் உள்ள வன்தட்டில் இதைச் செய்தால் எல்லாம் அழிந்துவிடும், எச்சரிக்கை தேவை.

படங்களை ‘காப்பி’ செய்கிறோம். ஒருபோதும் ‘கட்’ செய்வதில்லை. முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுகிறோம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில படங்களைத் திறந்து பார்க்கிறோம். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று நம்பக்கூடாது. ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே கேபிளைக் கழற்றுகிறோம்.

வேலை முடிந்ததும் வன்தட்டு கணினியோடு இணைந்திருப்பதில்லை. இடி மின்னல் ஒரு காரணம். மற்றொன்று, 2017 மே மாதத்தில் உலகையே கலக்கிய ‘வான்னாகிரை’ போன்ற தீநிரல்கள். கணினிக்குள் நுழைபவை, அதனோடு இணைந்திருக்கும் வன்தட்டையும் பூட்டிவிடக்கூடும்.

ஒரு வன்தட்டு எங்கள் வீட்டில். மற்றொன்று மகள் வீட்டில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரத்தோடு வன்தட்டும் கைமாறும். அப்போது புதிய படங்கள் சேரும். பழைய படங்கள் திறக்கின்றனவா என்ற சோதனையும் நடக்கும். வன்தட்டுக்கு ஐந்து வயதானால், அது நன்றாக ஓடினாலும் புதியதொன்று வாங்கி எல்லாவற்றையும் அதில் பிரதி எடுக்கிறோம்.

“எல்லாம் இணையத்தில் இருக்கிறதே, வன்தட்டு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். இணையச் சேமிப்பு நல்ல மூன்றாவது பிரதி; நாங்களும் வைத்திருக்கிறோம். ஆனால் அதனைத் தொலைபேசியோடு ஒத்திசைத்து வைத்திருந்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். குறிப்பிட்ட நாள்களுக்குள் கவனிக்காவிட்டால் திரும்பக் கிடைக்காது. விதிகளும் மாறுகின்றன. கூகல் ஃபோட்டோஸில் அளவின்றி இலவசமாகச் சேமிக்கும் வசதி 2021 ஜூன் முதல் தேதியோடு முடிவுக்கு வந்தது. அசையும் பாகமில்லாத ‘எஸ்எஸ்டி’ வகை விழுந்தாலும் தாங்கும். ஆயினும் பல ஆண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்தால் அதில் உள்ளவை அழியக்கூடும். ஆக, எந்த ஒன்றையும் தனித்து நம்புவதற்கில்லை.

கடைசியாக ஒன்று. வன்தட்டின் மேல் அதில் என்ன உள்ளது என்று எழுதி ஒட்டுங்கள். கடவுச்சொல் இட்டிருந்தால் வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். நமக்குப் பின் திறக்க முடியாத பெட்டியால் பிள்ளைகளுக்கு என்ன பயன்?

எங்கள் வீட்டுக் கூடத்தில் தந்தையாரின் படம் மாட்டியிருக்கிறது. அந்த மண்டபத்தில் அவரருகே நின்ற பெரியவர்கள் பலரின் முகங்கள் எங்களிடம் இல்லை. அவர்களில் சிலர் இன்று உயிரோடும் இல்லை. அன்பர்களே, இந்த மலரை மூடி வைத்ததும் உங்கள் வீட்டிலுள்ள வன்தட்டை எடுத்துப் பாருங்கள். “வேறு காப்பி இருக்கிறதா?” என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே ஒன்று எடுத்து, உங்கள் அத்தை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள்.